காற்று எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்

2021 நவம்பர் 19, கார்த்திகை தீபம். அந்த மாதம் முழுக்கச் சென்னையில் மழை. பால்கனியில் வைத்த அகல் ஒன்றுகூட நிற்கவில்லை. அம்மா இரண்டு தடவை ஏற்றிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் அள்ளிக்கொண்டு வந்து வாசற்படி ஓரமாகக் கூடத்துக்குள்ளேயே அடுக்கினாள். நான் எழுந்து ஒரு கை கொடுக்கவில்லை. மடியில் நோட்டு, கையில் பேனா, பக்கத்தில் போன் என்று டீவிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னடி, பரீட்சை எழுதப் போறவ மாதிரி?" என்றாள் அம்மா. எழுத இல்லை, திருத்தத்தான் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு அது தெரியாமல் போனது ஆச்சரியம்.

அன்றுதான் பிரைம் வீடியோவில் 'தி வீல் ஆஃப் டைம்' தொடரின் முதல் மூன்று எபிசோடுகளும் ஒன்றாக வந்தன. இனிமேல் சொல்லப்போவதில் கதை நிறையவே வெளிப்படும். படிக்கவோ பார்க்கவோ எண்ணம் இருப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

தொடருக்கு மூலம் ராபர்ட் ஜோர்டன் எழுதிய அதே பெயர் மாயாஜால நாவல் வரிசை. அதன் முதல் புத்தகம் 1990-இல் வந்தது. என் கைக்கு வந்தது 2003-இல், திருச்சி ஹாஸ்டலில். அறையைக் காலி செய்த சீனியர் அக்கா ஒருத்தி விட்டுச்சென்ற பிரதி. முன்னட்டை பாதி கிழிந்து, கடைசிப் பக்கங்கள் இல்லாமல் இருந்தது. கதை முழுசாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். போனது பின்னிணைப்பு என்பதும், கதையில் வரும் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று அதில்தான் போட்டிருந்தது என்பதும் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் நைனீவ் என்ற பெண் என் மனதில் 'நைனேவே'யாகக் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டாள்.

2007 செப்டம்பரில் ஜோர்டன் இறந்துபோனார். பிரதான வரிசையில் பதினொரு புத்தகம் வந்திருந்தது, கதை முடியவில்லை. அவருடைய மனைவியும் எடிட்டருமான ஹாரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தார். ஜோர்டன் விட்டுப்போன குறிப்புகளை வைத்து அவர் மேலும் மூன்று எழுதினார். கடைசிப் புத்தகம் 2013 ஜனவரியில் வந்தது. மொத்தம் பதினான்கு, ஏறக்குறைய 44 லட்சம் சொற்கள். மதம் மாறுவதற்குக்கூட இவ்வளவு படிக்க வேண்டியிருக்காது.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. 2015 பிப்ரவரியில் ஒரு நாள் நள்ளிரவு ஒன்றரை மணிக்கு, அமெரிக்க கேபிள் சேனல் ஒன்றில், யாருக்கும் சொல்லாமல் அரைமணி நேர முன்னோட்டப் படம் ஒன்று ஓடியது. திரை உரிமை கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று அவசர அவசரமாக எடுத்தது என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். இதெல்லாம் தனக்குத் தெரியாமல் நடந்தது என்று ஹாரியட்டே அறிக்கை விட்டார். அதைப் பார்த்திருந்ததால், 2018-இல் அமேசான் தொடரை அறிவித்தபோது எனக்குச் சந்தோஷத்தை விட வயிற்றுக் கலக்கம்தான் அதிகம்.

முதல் தப்பை ஒரு மாதம் முன்பே செய்துவிட்டேன். அக்டோபரில் முதல் புத்தகத்தை மறுபடி படித்தேன். தயாராகிறேன் என்று நினைப்பு. யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்: பிடித்த புத்தகம் படமாக வருகிறது என்றால் அதற்கு முந்தைய ஆறு மாதம் அந்தப் புத்தகத்தைத் தொடாதீர்கள். பத்து வருஷம் முன்னால் படித்தது மனதில் வாசனையாக நிற்கும். போன வாரம் படித்தது பட்டியலாக நிற்கும். கையில் பட்டியலோடு போகிறவன் கடையில் வேறெதையும் பார்ப்பதில்லை.

ஜோர்டனின் ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் அத்தியாயம் ஒரு காற்றோடு தொடங்கும். எங்கோ ஒரு மலையில் காற்று எழும், ஊர் ஊராகக் கடந்து வரும், கடைசியில் ஒரு மனிதனின் மேலங்கியைப் பிடித்து இழுக்கும். பதினான்கு புத்தகத்திலும் காற்று உண்டு. டீவியைப் போட்டதும் நான் காத்திருந்தது அந்தக் காற்றுக்காக. வந்தது ரோசமண்ட் பைக். மொய்ரேன் என்ற மந்திரக்காரி உடை உடுத்துகிறாள், இடுப்பில் பட்டையை இறுக்குகிறாள், விரலில் மோதிரம் போடுகிறாள், உலகம் எப்படி உடைந்தது என்று பின்னணியில் பேசுகிறாள். நோட்டில் முதல் வரி எழுதினேன்: "காற்று இல்லை."

இரண்டாவது: "முன்கதை இல்லை." மூன்றாவது: "தாம் இல்லை." கந்தல் கந்தலாக வண்ணத் துணி தைத்த அங்கியோடு கதை சொல்லித் திரியும் கிழவன் தாம். புத்தகத்தில் அவன் ஊருக்குள் வரும் இடம் எனக்கு மனப்பாடம். இதற்குள் போன் துடிக்கத் தொடங்கியது. கல்லூரித் தோழிகள் நாங்கள் நான்கு பேர், ஒரே நேரத்தில் பார்ப்பது என்று ஏற்பாடு. "என்னடி இது?" என்று ஒருத்தி, "இது நம்ம கதையே இல்ல" என்று இன்னொருத்தி. பதில் அடித்து நிமிர்ந்தால் ஒரு காட்சி போயிருக்கும். போனை வேறு அறையில் வைத்திருக்க வேண்டும். கோபம் தும்மல் மாதிரி. ஒருத்தி தும்மினால் நான்கு பேருக்கும் வரும்.

இதற்கு நடுவில் அம்மா பொரி உருண்டைத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். ஆங்கிலம் வேகமாகப் பேசினால் அவளுக்குப் பிடிபடாது, அதனால் எழுத்தை ஓட விட்டேன். அதே சமயம் பார்த்து, சத்திரத்தில் மொய்ரேன் குளிக்கும் தொட்டிக்குள் அவளுடைய காவலன் லான் உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் இறங்கினான். நான் பொரி உருண்டையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி ஆராய்ச்சி செய்தேன். "குளிர் ஊரு போல" என்று மட்டும் சொன்னாள் அம்மா.

அன்று அந்த ஊரிலும் திருவிழா. புத்தகத்தில் பெல் டைன் என்பது வசந்த விழா. நடுவில் கம்பம் நடுவார்கள், பெரிய தீ மூட்டுவார்கள், ஆட்டம் பாட்டம். தொடரில் அதை விளக்குத் திருவிழாவாக ஆக்கியிருந்தார்கள். இறந்துபோனவர்கள் காலச்சக்கரத்தில் மறுபடி பிறந்து வர வழிகாட்டும் விளக்குகள். வீட்டுக்கு வீடு, ஜன்னலுக்கு ஜன்னல் வெளிச்சம்.

"நம்ம கார்த்திகை மாதிரியே இருக்கே" என்றாள் அம்மா.

"புக்ல இது விளக்குத் திருவிழாவே இல்லம்மா" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாசற்படியில் அகல் எரிந்துகொண்டிருக்கிறது, டீவியில் ஒரு ஊரே விளக்கேற்றுகிறது, அவளுக்குச் சொல்ல எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

மாட் என்ற பையனைத்தான் அம்மாவுக்கு உடனே பிடித்துப்போனது. புத்தகத்தில் அவன் குறும்புக்காரன், அப்பா ஊரில் மதிப்பான குதிரை வியாபாரி. தொடரில் அப்பா பெண்பித்தன், அம்மா குடிகாரி. விழாவுக்குத் தங்கைகளுக்கு விளக்கு வாங்கப் பையன் திருடுகிறான். நான் ஆவேசமாக ஏழாவது குறையை எழுதிக்கொண்டிருந்தேன். "பாவம்டி, தங்கச்சிங்களுக்கு விளக்கு வாங்கத்தானே" என்று அம்மா அவனுக்காக வாதாடினாள். புத்தகத்தில் மாட்டிடம் எனக்கு ஒட்டுதல் வர மூன்று புத்தகம் ஆயிற்று. அவளுக்கு மூன்று நிமிஷம்.

அப்புறம் ட்ராலக்குகள் வந்தன. ஆட்டு முகமும் பன்றி முகமுமாக, ஏழு எட்டடி உயர மிருக மனிதர்கள். புத்தகத்தில் ஊர் தாக்கப்படுவதை நாம் பார்ப்பதே இல்லை. நான்கு அத்தியாயம் ஊரைச் சுற்றிவிட்டு ஐந்தாவதில் ராண்ட் என்ற பையனின் பண்ணை வீட்டுக் கதவு உடைகிறது, நாம் அவனோடுதான் இருக்கிறோம். காயம்பட்ட அப்பாவை இரவு முழுக்கக் காட்டுவழியே இழுத்துக்கொண்டு போகிறான். ஜுர வேகத்தில் அப்பா பிதற்றுகிறார்: மலைச்சரிவில், பனியில், ஒரு குழந்தையைக் கண்டெடுத்தேன் என்று. அந்த இருட்டில் ராண்டுக்குத் தன் பிறப்பே சந்தேகமாகிறது. எனக்கு 44 லட்சம் சொற்களில் ஒரு பத்துப் பக்கத்தை வைத்துக்கொள் என்றால் அதைத்தான் வைத்துக்கொள்வேன். தொடரில் அந்த நடை இல்லை. பொழுது விடிகிறது, ராண்ட் அப்பாவோடு ஊருக்குள் வந்து சேர்கிறான், அவ்வளவுதான். பேனாவை மூடி வைத்துவிட்டேன். எழுதக்கூடத் தோன்றவில்லை.

அம்மா வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொய்ரேன் நடுத்தெருவில் நின்று, சத்திரத்துச் சுவரிலிருந்து கல் கல்லாகப் பிடுங்கி ட்ராலக்குகள் மேல் வீசுகிறாள். சத்திரம் சரிகிறது.

"காப்பாத்த வந்தவளே இடிச்சுட்டாளே. அவங்களுக்கு இனிமே யாரு கட்டித் தருவா?"

பதினான்கு புத்தகமும் சுற்றிச் சுற்றி வருவது அந்தக் கேள்வியைத்தான். உலகத்தைக் காப்பாற்ற வருகிறவனே அதை உடைத்தும் போடுவான் என்பதால்தானே அந்தக் கதையில் எல்லாரும் டிராகன் என்று மறுபடி பிறந்து வரப்போகும் அந்த மனிதனைக் கண்டு நடுங்குகிறார்கள்? இதைப் புத்தகத்தில் பிடிக்க எனக்கு எத்தனையோ நூறு பக்கம் ஆனது. அம்மா பொரி உருண்டையைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

கதை தெரியாத ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள், அது பெரிய உபகாரம். ஆனால் வழிகாட்டி வேலை பார்க்கக் கூடாது. எக்வேன் என்ற பெண்ணைக் காட்டி "அந்தப் பொண்ணுதான் டிராகனா இருக்கும்" என்று அம்மா அடித்துச் சொன்னபோது நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். புத்தகத்தில் அது ராண்ட்தான் என்று முதல் சில அத்தியாயங்களிலேயே மூக்கில் வேர்த்துவிடும். கதையே அவன் கண் வழியாகத்தான் போகிறது. தொடரிலோ நான்கு பேரில் யாராகவும் இருக்கலாம் என்று மூடி வைத்தார்கள். அதனால் ராண்ட் கொஞ்சம் மங்கிப்போனான் என்பது என் குறை, இன்றும் அதை விடமாட்டேன். ஆனால் அம்மா ஏழு எபிசோடும் யார், யார் என்று தவித்தாளே, அந்தத் தவிப்பு எனக்கு ஒருபோதும் கிடைக்காது.

முதல் எபிசோடின் கடைசியில், ஊரை விட்டுக் குதிரையில் கிளம்பும்போது, மொய்ரேன் குரலில் புத்தகத்தின் தொடக்க வரிகள் வந்தன. சக்கரம் சுழல்கிறது, யுகங்கள் வந்து போகின்றன, மலையில் ஒரு காற்று எழுகிறது. நான் நோட்டில் முதல் வரியாகக் குறித்த குறை, ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை, அடிபட்டுப் போனது.

அன்றிரவே தோழிகள் மூன்று பேரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஒருத்தி அதோடு சரி, இன்றுவரை இரண்டாவது எபிசோடைப் பார்க்கவில்லை. நான் மறுநாள் காலை, நோட்டு இல்லாமல், முதல் எபிசோடை இன்னொரு தடவை பார்த்தேன். இது நான் எல்லாரிடமும் சொல்கிற இன்னொரு விஷயம். முதல் தடவை பார்ப்பது இரங்கல் கூட்டம் மாதிரி. வராதவர்களைப் பற்றியே பேச்சு. வந்தவர்கள் முகம் இரண்டாவது தடவைதான் தெரியும்.

அப்போதுதான் எக்வேனை ஆற்றில் தள்ளும் காட்சி தெரிந்தது. வயதுக்கு வந்த பெண் என்று ஊர்ப் பெண்கள் அவளுக்குப் பின்னல் போட்டு, மலை விளிம்புக்குக் கூட்டிப்போய், பாயும் தண்ணீரில் தள்ளிவிடுகிறார்கள். புத்தகத்தில் பின்னல் உண்டு, தள்ளுவது கிடையாது. "தேவையில்லாத காட்சி" என்று முதல் நாள் கிறுக்கியிருந்தேன். அவள் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டுகிறாள், முடியவில்லை, உடம்பைத் தளர்த்தி விட்டுக்கொடுக்கிறாள், ஆறு அவளைக் கரை சேர்க்கிறது. ஜோர்டனின் உலகத்தில் ஆண்கள் மந்திர சக்தியை மல்லுக்கட்டி அடக்க வேண்டும். பெண்கள் அதற்குத் தங்களை ஒப்புக்கொடுத்துத்தான் வழிநடத்த முடியும், ஆற்றோடு போவது மாதிரி. ஜோர்டன் பக்கம் பக்கமாக விளக்குவதை ஒரு வசனம் இல்லாமல் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கிறுக்கலை அடித்துவிட்டு ஓரத்தில் "மன்னிக்கவும்" என்று எழுதினேன். யாரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று தெரியாது.

என் நோட்டில் முதல் எபிசோடுக்கு மட்டும் 23 குறை இருந்தது. டிசம்பர் கடைசியில் எட்டு எபிசோடும் முடிந்தபின் எடுத்துப் பார்த்தேன். 'இல்லை' என்று எழுதியதில் பாதிக்கு மேல் 'இன்னும் இல்லை'. தாம் மூன்றாவதில் வந்துவிட்டான். முன்கதையில் வரும், ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய டிராகனைக் கடைசி எபிசோடின் தொடக்கத்தில் காட்டினார்கள். நான் துக்கம் காத்த அந்த ஜுரப் பிதற்றலும் வந்தது, ஏழாவதில். பனிமலையில் நிறைமாதப் பெண் ஒருத்தி, வலி எடுக்க எடுக்க, ஒற்றை ஆளாக வீரர்களோடு சண்டை போட்டுக்கொண்டே பிள்ளை பெறுகிறாள். புத்தகத்தில் ஒரு கிழவரின் பிதற்றலாக மட்டும் கேட்டது, கண்ணெதிரே நடந்தது. நான் அழுதுவிட்டேன். அம்மா தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள்.

பொறுத்திருந்தும் தேறாத குறைகள் உண்டு. பெரின் என்ற கொல்லன் பையனுக்குத் தொடரில் கல்யாணம் ஆகியிருக்கிறது. லைலா என்று மனைவி. ட்ராலக் சண்டையின் வெறியில், பின்னால் வந்தது யார் என்று பாராமல் கோடரியை வீசுகிறான், அவள் செத்துப்போகிறாள். புத்தகத்தில் அப்படி ஒரு மனைவியே கிடையாது. அவன் பலசாலி, அதனாலேயே யாருக்கும் அடிபட்டுவிடக் கூடாதே என்று மெதுவாக நடக்கிறவன், மெதுவாக யோசிக்கிறவன். கையில் கோடரியா சுத்தியலா என்ற கேள்வி பல புத்தகங்களாக அவனுக்குள் ஊறும். ஊற நேரமில்லை, அதனால் முதல் எபிசோடிலேயே ஒரு பெண்ணைப் பலி கொடுத்து முடித்துவிட்டார்கள். மாற்றினார்கள் என்பதற்காக நான் கோபப்படவில்லை. மலிவாக மாற்றினார்கள் என்பதுதான். அந்த சீசன் முழுக்க அந்தப் பையன் பேயறைந்த முகத்தோடு அலைந்தான், வேறென்ன செய்வான்?

வேறாக இருப்பதும் மோசமாக இருப்பதும் ஒன்றில்லை என்று எல்லாரும் வாயால் சொல்லிவிடுவோம். எனக்கு அது கைவர நோட்டில் நடுவே ஒரு கோடு கிழிக்க வேண்டியிருந்தது. புத்தகமே இல்லாவிட்டாலும் இது குறையாக இருக்குமா என்று கேட்டு, ஆம் என்பவை மட்டும் வலது பக்கம். 23-இல் அங்கே போனது நான்கு. லைலா முதலில்.

அடுத்த வருஷம் செப்டம்பர் 30, 'பொன்னியின் செல்வன்'. அம்மா கல்கியை எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே கணக்கு இல்லை. நான் இரண்டாம் பாகத்தில் கப்பலோடு நின்றுவிட்டவள். தியேட்டரில் விளக்கணைந்து போர்க்களம் விரிந்தது, நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பக்கத்தில் முணுமுணுப்பு: "ஏரி எங்கடி? ஆடிப்பெருக்கு எங்க? வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில இல்ல வரணும்?" இடைவேளை வரை அவள் படத்தைப் பார்க்கவில்லை, ஏரியைத் தேடினாள். நான் ஒன்றும் சொல்லாமல் பாப்கார்னை நீட்டினேன். வீட்டுக்கு வந்ததும், "ஒரு நோட்டு வேணுமாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் ஓடிப்போனேன்.

'தி வீல் ஆஃப் டைம்' மூன்று சீசன், 24 எபிசோடு வந்தது. மூன்றாவது சீசன் பிரமாதம், புத்தகத்தை விட்டுப் போன இடத்திலும் அதன் மனசு தெரிந்தது. நன்றாக வரத் தொடங்கியபின், 2025 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். செய்தியை அம்மாவிடம் சொன்னேன்.

"நிறுத்திட்டாங்கன்னா? அந்த எக்வேன் கடைசில என்ன ஆனா?"

"புக்ல இருக்கும்மா."

"பதினாலு புக்கையும் இனிமே நான் படிக்கணுமா? நீ சொல்லு."

அன்று முதல் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் கதை. காற்றிலிருந்துதான் ஆரம்பித்தேன், முதல் நாள் மட்டும். இரண்டாவது நாளே அதை விட்டாயிற்று, அம்மா கொட்டாவி விட்டாள். பெயர் குழம்புகிறது என்றதால் மூன்று ராணிகளை ஒரு ராணியாக்கினேன். ஒரு படையெடுப்பை முழுசாகத் தூக்கினேன். நைனீவ் பின்னலைப் பிடித்து இழுத்துக் கோபப்படும் இடங்களை மட்டும் ஒன்று விடாமல் சொன்னேன், அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. பத்தாவது புத்தகம் ஆமை வேகத்துக்குப் பேர் போனது. எழுநூறு பக்கத்துக்குப் பக்கமாகப் போயும் யாரும் எங்கும் போய்ச் சேரமாட்டார்கள். அதை இரண்டே வாக்கியத்தில் முடித்தேன். எல்லாரும் காத்திருந்தார்கள். பெரின் தன் கோடரியைத் தூக்கி எறிந்தான்.

"எறிய மாட்டானா பின்ன?" என்றாள் அம்மா. "பொண்டாட்டிய வெட்டுன கோடரியாச்சே."

அது வேறு கோடரி, அதற்கு வேறு காரணம், அப்படி வெட்டுப்பட்ட பொண்டாட்டி என்று ஒருத்தி கிடையவே கிடையாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா தலையணையைச் சரி செய்துகொண்டு மேலே சொல் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன்.